முப்பத்தொரு வருட இடைவெளியை ஒரு கோப்பில் சேமிப்பது எப்படி?

சில மாதங்களுக்கு முன்னர் எனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவி வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். வடக்கு மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் 1981 இலும் 2012 இலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் காட்டும் வரைபு. பல இரவுகள் இருந்து செய்தது. படமாக அல்ல, விரலை வைத்தால் எண் தெரியும் வலைப்பக்கமாகச் செய்திருந்தார். திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம். அதில் ஒன்றுமே இல்லை.

அவரிடம் சொன்னேன். “இல்லையே அண்ணா, என்ர கொம்பியூட்டர்ல வடிவா வருது” என்றார்.

இருவர் சொன்னதும் உண்மைதான். அவருடைய கணினியில் அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு கோப்புறை இருந்தது. வரைபை வரையும் இயந்திரம் முழுவதும் அந்தக் கோப்புறைக்குள் கிடந்தது. எனக்கு வந்ததோ அதன் வாசற்கதவு மட்டும். கட்டளையில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் கதவும் வீடும் ஒன்றாக வந்திருக்கும். அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவருடைய வரைபைப் பார்க்கப் பார்க்க வேறு சில விடயங்களும் சேர்ந்துகொண்டன.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ‘ஆர்’ என்பது புள்ளிவிபரத்துக்கென்றே உருவான நிரல்மொழி. நியூசிலாந்தின் ஒக்லாண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபேர்ட் ஜென்ரில்மன் என்ற இருவர் தொடக்கி வைத்தது. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி அதன் முதலாவது முழுப் பதிப்பு வெளியானது. இலவசம். பழைய மடிகணினியிலும் ஓடும். எமது பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல், புவியியல், மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமானது.

ஆரில் நீண்ட காலமாக வரைபு என்றால் அசையாத படம்தான். 2014 இன் இறுதியில் ‘எச்.ரி.எம்.எல். விஜெற்ஸ்’ என்ற பொதி வந்த பின்னர் நிலைமை மாறியது. ஆரில் எழுதும் நிரலை உலாவிக்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்ட் வரைபாக மாற்ற அது வழி திறந்தது. அதன் மேல் ‘புளொட்லி’, வரைபடங்களுக்கான ‘லீப்லெற்’, அட்டவணைகளுக்கான ‘டி.ரி.’ என்று பல பொதிகள் வந்தன. புளொட்லி வரைபில் விரலை வைத்தால் எண் தெரியும். பெட்டி போட்டு இழுத்தால் அந்தப் பகுதி பெரிதாகும். பக்கத்திலுள்ள பெயரைத் தட்டினால் ஒரு மாவட்டம் மறையும், திரும்பத் தட்டினால் வரும்.

இப்படிச் செய்த வரைபைச் சேமிக்கும் கட்டளையின் பெயர் ‘சேவ் விஜெற்’. அதற்கு மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும். எந்த வரைபு, கோப்புக்கு என்ன பெயர், மூன்றாவதாக ‘செல்ஃப் கொன்ரெய்ன்ட்’ உண்மையா பொய்யா. மூன்றாவதன் பொருள், கோப்பு தன்னிறைவானதா என்பது. பொய் என்றால் பக்கம் சிறிதாக இருக்கும், ஆனால் இயந்திரம் தனிக் கோப்புறையில் போய் இருக்கும். மாணவியின் கோப்பு இப்படித்தான் ஆனது. உண்மை என்றால் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடைக்கப்படும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர் உண்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பிறகு ஏன் அவர் பொய் என்று போட்டார்? எல்லாவற்றையும் ஒன்றாக அடைக்கிற வேலையைச் செய்ய ‘பான்டொக்’ என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். ஆர்ஸ்ரூடியோவை நிறுவினால் அதனுடனேயே பான்டொக்கும் வந்துவிடும். வெறும் ஆரை மட்டும் நிறுவியவர்களுக்கு அது இருக்காது. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். இணையத்தில் தேடினால், பொய் என்று போடுங்கள், பிழை போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிழை போய்விடுகிறது, வரைபும் போய்விடுகிறது. பான்டொக்கை நிறுவுவதே சரியான வழி. நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் ஆர்ஸ்ரூடியோவில் வரைபு தெரியும் பெட்டியின் மேலே உள்ள ஏற்றுமதிப் பொத்தானைத் தட்டி, வலைப்பக்கமாகச் சேமி என்பதைத் தேர்ந்தாலும் போதும்.

தன்னிறைவான புளொட்லி கோப்பு மூன்று நான்கு மெகாபைற் அளவு வரும். இரண்டு புள்ளி போட்டாலும் அவ்வளவுதான், ஏனென்றால் எடை முழுவதும் இயந்திரத்துடையது. டேட்டா பார்த்துப் பார்த்துப் போடுகிற ஊர்களுக்கு அனுப்புவதென்றால் ‘பார்சியல் பண்டில்’ என்ற கட்டளையால் தேவையற்ற பாகங்களைக் கழற்றி ஏறக்குறைய ஒரு மெகாபைற்றுக்குக் கொண்டுவரலாம். பைதனில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே இயந்திரத்தைக் கோப்புக்குள் வைக்காமல் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு தெரிவு உண்டு. கோப்பு சின்னதாக, அழகாக இருக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் திறந்தால் அதுவும் வெள்ளைப் பக்கம்தான்.

இன்னொரு சின்னக் குறிப்பு. தலைப்பு ஒன்று கொடுக்காவிட்டால் உலாவியின் மேற்பட்டையில் ‘புளொட்லி’ என்றுதான் தெரியும். பத்து வரைபுகளைத் திறந்து வைத்தால் பத்தும் புளொட்லி. கட்டளையிலேயே தலைப்பைத் தமிழில் கொடுத்துவிடுங்கள்.

இடையில் என்ன நடந்தது?

மாணவி கோப்பைத் திருத்தி மீண்டும் அனுப்பினார். இம்முறை திறந்தது. ஐந்து கோடுகள். யாழ்ப்பாணம் மெல்லச் சரிகிறது. வவுனியா ஏறுகிறது. முல்லைத்தீவின் கோடு 77,189 இல் தொடங்கி 92,238 வரை அமைதியாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏறிப் போகிறது.

அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியாகிவிட்டது. முல்லைத்தீவுக்கு இந்தக் கோடா?

எண்கள் சரியானவை. 1981 மார்ச்சில் எடுத்த குடிசன மதிப்பீட்டில் வடக்கு மாகாணத்தில் 1,109,404 பேர். 2012 மார்ச்சில் 1,061,315 பேர். இரண்டும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் எண்கள். பிழை எண்ணில் இல்லை, கோட்டில் இருந்தது. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வடக்கில் முழுமையான கணக்கெடுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. 1991 இல் நாடு முழுவதிலுமே நடக்கவில்லை. 2001 இல் நடந்தது, ஆனால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நடக்கவில்லை. மன்னாரிலும் வவுனியாவிலும் கிழக்கின் திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களிலும் பகுதியளவில் மட்டுமே நடந்தது.

அந்த நேர்கோட்டுக்குக் கீழே என்னவெல்லாம் புதைந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. 2009 மே. அதன்பின் செட்டிகுளம் மெனிக் பாமில் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்ட இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதாவது 2012 மார்ச்சில் கணக்கெடுத்தபோது முகாம் இன்னும் திறந்துதான் இருந்தது. இவை எதுவும் நடக்காததுபோல ஒரு மென்பொருள் இரண்டு புள்ளிகளையும் இணைத்துவிட்டது.

மென்பொருளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இடையில் என்ன இருந்தது என்று நாம் அதற்குச் சொல்லவில்லை. மாணவியின் எக்செல் அட்டவணையில் 1981 க்கு ஒரு வரிசை, 2012 க்கு ஒரு வரிசை. 1991, 2001 என்ற வரிசைகளே இல்லை. இல்லாத வரிசையை ஆர் எப்படி அறியும்?

ஆரில் இதற்கென்றே ஒரு குறியீடு உண்டு: ‘என்.ஏ.’. எண் கிடைக்கவில்லை என்று பொருள். பூச்சியம் வேறு, என்.ஏ. வேறு. ஒருவரும் இல்லை என்பதற்கும், எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அட்டவணையில் 1991, 2001 வரிசைகளைச் சேர்த்து, எண் வரவேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டால் ஆர் அதை என்.ஏ. என்று படிக்கும். பூச்சியம் போட்டால் கோடு நிலத்தில் விழுந்து எழும்பும். சிறுகோடு போட்டால் அந்த நிரல் முழுவதையும் எழுத்து என்று நினைத்துக் குழம்பும்.

என்.ஏ. இருக்கும் இடத்தில் புளொட்லி கோட்டை அறுத்துவிடும். அதுதான் அதன் இயல்பான பழக்கம். இடைவெளிகளை இணை என்று நாமாகச் சொன்னால்தான் இணைக்கும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோடு மட்டும் வரையச் சொல்லியிருந்தால், இருபுறமும் வெறுமையுள்ள தனிப் புள்ளிகள் தெரியவே தெரியாது. 1981 உம் போய்விடும், 2012 உம் போய்விடும். ஆகவே கோட்டோடு புள்ளியும் வேண்டும் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, ஆண்டு என்ற நிரல் எண்ணாக இருக்க வேண்டும். எழுத்தாக இருந்தால் 1981, 1991, 2001, 2012 நான்கும் சம தூரத்தில் பெட்டி பெட்டியாக நிற்கும். காலம் காலமாகத் தெரியாது.

திருத்திய வரைபில் கோடே இல்லை. இடது ஓரத்தில் ஐந்து புள்ளிகள், வலது ஓரத்தில் ஐந்து புள்ளிகள், நடுவே வெறுமை. அந்த வெறுமைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை போட்டோம். அதன் மேல் “முழுமையான கணக்கெடுப்பு இல்லை” என்று எழுதினோம். வெறுமையில் விரல் வைத்தால் பெட்டி வராது. அதனால் இந்த எழுத்து வரைபிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும். 1990, 1995, 2009 ஆகிய இடங்களில் மூன்று மெல்லிய செங்குத்துக் கோடுகள். “இப்ப வரைபு வடிவில்லாமப் போச்சு” என்றார் மாணவி. வடிவில்லைத்தான். ஆனால் பொய் இல்லை.

விரல் வைத்தால் வரும் பெட்டி

அசையாத படத்தைவிட இத்தகைய வரைபுக்கு உள்ள பெரிய வசதி என்ன என்று கேட்டால், பலர் அசைவதைச் சொல்வார்கள். நான் அந்தச் சின்னப் பெட்டியைச் சொல்வேன். எண்ணை மட்டும் அல்ல, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் அதற்குள் எழுதலாம்.

யாழ்ப்பாண மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981 இன் அச்சுப் பிரதிகளில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 830,552. வேறு சில அட்டவணைகளில் அதே ஆண்டுக்கு 738,788. எது சரி? இரண்டும் சரி. 1981 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை, யாழ்ப்பாணத்தோடு சேர்ந்திருந்தது. 1984 இல்தான் பிரிந்தது. பிரித்துக் கணக்கிட்டால் கிளிநொச்சிக்கு 91,764, யாழ்ப்பாணத்துக்கு 738,788. இதைக் கவனிக்காமல் 830,552 ஐ எடுத்து 2012 இன் 583,882 உடன் ஒப்பிட்டால் யாழ்ப்பாணத்தின் இழப்பு இரண்டரை இலட்சத்தை நெருங்கும். சரியாக ஒப்பிட்டால் 154,906. இரண்டாவது எண்ணே போதிய அளவு கனமானது, அதை ஊதிப் பெருப்பிக்க வேண்டியதில்லை. பெருப்பித்தால் எதிரே இருப்பவர் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் தள்ளிவிடுவார். ஆகவே 1981 யாழ்ப்பாணப் புள்ளியில் விரல் வைத்தால், “738,788. இன்றைய மாவட்ட எல்லைப்படி. அன்றைய எல்லைப்படி கிளிநொச்சியோடு சேர்த்து 830,552” என்று வரும்படி செய்தோம்.

ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று சொல்வதன் பலம் என்ன என்பதை எமக்குக் காட்டியவர் மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னிலையில் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். இது அரசாங்கத்தின் கச்சேரிகளே கொடுத்த கணக்கு. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். இது ஐ.நா. 2009 ஜூலையில் கொடுத்த கணக்கு. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு எண்களும் எமது எண்கள் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் யாருடையது, எப்போதையது என்று சொல்லிவிட்டுக் கேட்டார். இத்தனை வருடங்களாகியும் அந்தக் கேள்வியை ஒருவராலும் ஒதுக்கிவிட முடியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறுதிப் போரின் எண்களை ஒரே வரைபில் வைக்க விரும்புவோர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு சொன்னது, 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது. 2012 இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வுக் குழு சொன்னது, 70,000 இற்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்பது. ஆயர் கேட்டது 146,679 பேரைப் பற்றி. முதலாவது கொல்லப்பட்டோர் பற்றிய மதிப்பீடு, மற்ற இரண்டும் கணக்கில் வராதோர் பற்றியவை. மூன்றையும் மூன்று தூண்களாக அருகருகே நிறுத்தினால் ஏலம் கூறுவதுபோல ஆகிவிடும். ஒவ்வொரு தூணின் பெட்டியிலும் யார் சொன்னார், எப்போது, எதைப் பற்றி என்ற மூன்று வரிகள் இருந்தே ஆக வேண்டும். அந்த மூன்று வரிகளை எழுத முடியாத எண்ணை வரைபில் போடாமல் விடுவதே மேல்.

மாணவி இன்னொன்றும் கேட்டார். போர் நடக்காமல் இருந்திருந்தால் இப்போது எத்தனை பேர் இருந்திருப்போம் என்று காட்டலாமா? 1981 க்கும் 2012 க்கும் இடையில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 37 வீதத்தால் கூடியது. அதே வீதத்தில் கூடியிருந்தால் வடக்கில் 15 இலட்சத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்ததோ பத்தரை இலட்சம். இடையிலுள்ள நாலரை இலட்சத்தில் கொல்லப்பட்டவர்களும் உண்டு, கனடாவிலும் இலண்டனிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருப்பவர்களும் உண்டு, புத்தளத்திலும் கொழும்பிலும் குடியேறியவர்களும் உண்டு, பிறக்காமலே போன பிள்ளைகளும் உண்டு. இது கணக்கெடுப்பு அல்ல, கணிப்பு. புளொட்லியில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு கோட்டை முதலில் மறைத்து வைத்து, வாசகர் பெயரைத் தட்டினால் மட்டும் தெரியும்படி விடலாம். “கணிப்பு, கணக்கெடுப்பு அல்ல” என்ற பெயரோடு புள்ளிக்கோடாக அதை வைத்தோம். வேண்டியவர் தட்டிப் பார்க்கட்டும்.

கோப்புக்குள் என்ன போகிறது?

இப்போது இந்தக் கட்டுரையின் மிக அவசியமான பகுதிக்கு வருகிறேன். இதை மட்டுமாவது வாசியுங்கள்.

தன்னிறைவான கோப்பு என்றால் இயந்திரம் மட்டும் அல்ல, தரவும் உள்ளே போகிறது. விரல் வைத்தால் எண் தெரிவது அதனால்தான். கோப்பைப் பெறும் எவரும் அதை நோட்பாட்டில் திறந்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கலாம். மாவட்டச் சனத்தொகை என்றால் அதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி, காணி இழந்தவர்களைப் பற்றி, வாக்குமூலம் கொடுத்தவர்களைப் பற்றி வரைபு செய்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் அட்டவணையில் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் இருக்கும்.

புளொட்லி தான் வரைவதற்குக் கேட்ட நிரல்களையும் பெட்டியில் எழுதச் சொன்னவற்றையும்தான் கோப்புக்குள் வைக்கும். டி.ரி. அட்டவணை அப்படியல்ல. கொடுத்த அட்டவணை முழுவதையும் வைக்கும். தொலைபேசி நிரலை மறைத்துவிடு என்று சொன்னாலும் திரையில்தான் மறையும், கோப்புக்குள் இருக்கும். லீப்லெற் வரைபடத்தில் ஒரு வீட்டைப் புள்ளியாக வைத்தால் அதன் அமைவிடம் ஐந்தாறு தசம இடம் வரை அப்படியே உள்ளே இருக்கும். திரையில் ஊரளவுக்குத்தான் தெரிகிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், கோப்புக்குள் முற்றமே இருக்கும். பெயர் போடாவிட்டாலும்கூட, இருபது குடும்பம் உள்ள ஒரு கிராமத்தில் ‘வயது 52, பெண், மூன்று மகன்மார்’ என்றால் அது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே வரைபு செய்வதற்கு முன்னர், தேவையான நிரல்களை மட்டும் கொண்ட தனி அட்டவணை ஒன்றை ஆரிலேயே உருவாக்குங்கள். அதிலிருந்து மட்டும் வரையுங்கள். கிராமத்துக்குப் பதிலாகப் பிரதேச செயலகப் பிரிவாகத் திரட்டுங்கள். மிகச் சிறிய எண்களைச் சேர்த்து எழுதுங்கள். சேமித்த பின்னர் கோப்பை நோட்பாட்டில் திறந்து, அட்டவணையிலிருந்து உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அனுப்ப வேண்டாம். இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம், வட்ஸ்அப்பில் ஒருமுறை போன கோப்பை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தாயின் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

சரியான கைகளில் இதே கருவிகள் எவ்வளவு செய்யும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 டிசெம்பரில் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்றிட்டமும், மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழு என்ற அமெரிக்க அமைப்பும் சேர்ந்து, 2009 மே 18 ஐ ஒட்டி இராணுவத்திடம் சரணடைந்த பின்னர் காணாமல் ஆக்கப்பட்டோர் ஏறக்குறைய 500 பேர் என்று மதிப்பிட்டன. தனித்தனியாகத் திரட்டப்பட்ட பட்டியல்களை ஒப்பிட்டு, எந்தெந்தப் பெயர்கள் எத்தனை பட்டியல்களில் வருகின்றன என்பதிலிருந்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்று கணிக்கும் முறை அது. இத்தகைய கணிப்புக்கான நிரல்கள் ஆர் பொதிகளாக யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக இருக்கின்றன.

எழுத்தும் தாளும்

தமிழில் வரைபு செய்து பார்த்தவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். ஆரின் சாதாரண பி.டி.எப். வெளியீட்டில் தமிழ் எழுத்துகள் வெறும் புள்ளிகளாக வரும். ஒருவாறு எழுத்துருவைக் கொடுத்தாலும் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். வலைப்பக்கமாகச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை, எழுத்தைக் கோர்க்கும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத்துகள் குறியீட்டு எண்களாக மாறிவிடுகின்றன என்றால் பெரும்பாலும் உங்கள் ஆர் பழையது. 2022 இல் வந்த 4.2 பதிப்புக்குப் பின்னர் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. பழைய அட்டவணைகள் பாமினியில் இருந்தால் முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். பாமினியில் தட்டிய யாழ்ப்பாணம் உலாவிக்கு யாழ்ப்பாணம் அல்ல, அரைப்புள்ளிகள் நிறைந்த ஆங்கில எழுத்துக் கூட்டம்.

லீப்லெற் வரைபடம் செய்பவர்களுக்கு இன்னொரு விடயம். தன்னிறைவாகச் சேமித்தாலும் பின்னணியில் தெரியும் வீதியும் குளமும் இணையத்திலிருந்துதான் வரும். இணையம் இல்லாவிட்டால் உங்கள் புள்ளிகள் சாம்பல் நிற வெளியில் மிதக்கும். மாவட்ட எல்லைகளைத் தரவாகவே கோப்புக்குள் வைத்து வரைந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு வரைபு மட்டுமன்றி, மேலே விளக்கம், கீழே அட்டவணை என்று முழு அறிக்கையாக வேண்டுமென்றால் சேவ் விஜெற் போதாது, ஆர் மார்க்டவுன் அல்லது குவார்ட்டோ வேண்டும். அவற்றிலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைக்கும் தெரிவு உண்டு. அட்டவணையை விட்டுவிடாதீர்கள். ஆணைக்குழுக்களும் நீதிமன்றங்களும் தாளில்தான் கேட்கின்றன. தாளில் விரல் வைத்தால் பெட்டி வராது. பெட்டிக்குள் எழுதிய மூலங்கள் எல்லாம் கீழே அட்டவணையிலும் இருக்க வேண்டும்.

இந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எவரும் திறந்து 583,882 ஐ வேறொரு எண்ணாக மாற்றி அதே பெயரில் அனுப்பவும் முடியும். அதற்கு மாற்று, கோப்பிலிருந்து ஒரு நீண்ட குறியீட்டைக் கணக்கிட்டு வெளியிடுவது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தக் குறியீடு முற்றாக மாறிவிடும். ஆரிலேயே இதைச் செய்யலாம். கோப்பைப் பெற்றவர் தானும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அனுப்புவதற்கு முன்னர் கடைசியாக ஒரு சோதனை. கோப்பை வேறு ஒருவரின் போனுக்கு அனுப்பி, அந்தப் போனில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு, வட்ஸ்அப்பின் முன்னோட்டத்தில் அல்ல, உலாவியில் திறந்து பாருங்கள். உங்கள் சொந்தக் கணினியில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது.

மாணவியின் வரைபு இப்போது நான்கு இடங்களில் இருக்கிறது. அவரிடம், என்னிடம், ஒரு பென்ட்ரைவில், கடல் கடந்து இருக்கும் அவருடைய மாமாவிடம். 1981 மார்ச்சில் அந்தக் கணக்கெடுப்பு நடந்து மூன்று மாதங்கூட ஆகாமல், மே 31 இரவு, தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதில் எத்தனையோ ஏடுகளுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை.

வரைபுக் கோப்போடு அவர் எழுதிய நிரலையும், எண்கள் உள்ள அட்டவணையையும் ஒரே கோப்புறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். 2024 குடிசன மதிப்பீட்டின் மாவட்ட எண்களை இனிச் சேர்க்க வேண்டும். அட்டவணையில் ஐந்து புதிய வரிசைகள், ஐந்து பெட்டிகளுக்கு மூலக் குறிப்பு, பிறகு நிரலை மறுபடி ஓட்டினால் சரி. 1991 க்கும் 2001 க்கும் விட்ட வெறும் கட்டங்கள் அப்படியேதான் இருக்கும்.